ஃபைனல் முடியட்டும், பேசறேன்

என் கொரல் போனதுக்குக் காரணம் ஒரு நோ-பால். டாக்டரைக் கேட்டா வேற சொல்லுவாரு. வருசக்கணக்கா கத்திக் கத்தித் தொண்டைக்குள்ள சதை வளந்துச்சுன்னுவாரு. அவரு படிச்சவரு, சொல்லட்டும். எனக்குத் தெரிஞ்சது இதுதான்: அன்னிக்கு பேசின் பிரிட்ஜ் டீமோட நெட்டை பவுலரு கோட்டைத் தாண்டி ஒரு முழம் காலை வெச்சுப் போட்டான் ஒரு பந்து. எங்க கேப்டனோட ஸ்டம்பு எகிறிப் போய் வுழுந்துச்சு. அம்பயரு வாயில கொழுக்கட்டையை வெச்சுகினு நிக்கறாரு. நான் வுடுவேனா?

"யோவ் அம்பயரு! நோ-பாலுய்யா! கண்ணு கீதா இல்லியா?"ன்னு வுட்டேன் பாருங்க ஒரு சத்தம், கல்மண்டபம் பூரா திரும்பிப் பாத்திருக்கும். ரெண்டாவது சத்தம் வுடலாம்னு வாயைத் தொறந்தேன். வெறும் காத்துதான் வந்துச்சு.

அன்னிக்கும் தோத்தோம். அது புதுசு இல்ல. கல்மண்டபம் லெவன் தோக்கறது வெயில் காயற மாதிரி, யாரும் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க. மீசை மொளைக்கறதுக்கு முன்னாடியிலேருந்து நான் அந்த டீமோட ஆளு. ஆடற ஆள் இல்ல, கத்தற ஆளு. ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு ஊரே மூட்டை கட்டிகினு ஓடின வருசம்கூட நாங்க மைதானத்துல பிச்சு மேல பாய் விரிச்சு ஆடினோம். லெவனுக்கு ஏழு பேருதான் தேறினாங்க. ஆளில்லாம நானே பவுண்டரியில நின்னேன். அந்த மேட்ச்சும் போச்சு. அப்பால வெள்ளைக்காரன் போனான், அரிசி ரேஷன் வந்துச்சு, எனக்குக் கல்யாணம் ஆச்சு. எங்க லெவன் மட்டும் வருசா வருசம் மரக்கடை மரவாடிக்காரரு குடுக்கற கப்புக்கு ஆடி, முதல் ரவுண்டுலயே திரும்பி வரும். ஞாயித்துக்கிழமை நான் போய்க் கத்துவேன். திங்கக்கிழமை வேலைக்குப் போவேன்.

வேலைன்னா அதுவும் கத்தறதுதான். ஹார்பர்ல கப்பல் மேல்தட்டுல, சரக்கு எறக்கற குழி ஓரமா நிப்பேன். மூட்டையைத் தூக்கி எறக்கற வின்ச்சை ஓட்டறவனுக்குக் குழிக்குள்ள நடக்கறது தெரியாது. நான் எட்டிப் பாத்து 'தூக்கு', 'எறக்கு', 'நிறுத்து'ன்னு கையாலயும் ஜாடை காட்டணும், வாயாலயும் சொல்லணும். எந்த நேரமும் கை தெரியாது. வெயில் கண்ணுல அடிக்கும், பக்கத்துக் கப்பல் புகை மறைக்கும். அப்போ கொரல்தான் பேசும். அது ஒரு நொடி தப்பினா மூட்டை எவன் தலையிலயாவது எறங்கும். சோறும் கொரல், சந்தோசமும் கொரல். அதான் அது போனப்போ எனக்கு என்னமோ ஒரு கை ஒடிஞ்சாப்ல ஆயிடுச்சு.

முதல்ல யாரும் கவலைப்படல. என் சம்சாரம் கன்னியம்மா சந்தோசமே பட்டா. "அப்பாடா, வூடு இப்பதான் வூடு மாதிரி கீது. ரெண்டு நாள் அப்படியே இரு"ன்னா. மிளகு, பனங்கற்கண்டு, பால்ல மஞ்சள், எல்லாம் ஆச்சு. என் தோஸ்து காதர் தர்காவுல ஓதின தண்ணி கொண்ணாந்தான். காதர் வண்ணாரப்பேட்டையில துணி யாவாரம் பண்றவன், மைதானத்துல எனக்கு எடது பக்கம் நிக்கறவன். தண்ணியும் குடிச்சேன், அம்மன் கோயில் விபூதியும் தடவினேன். கொரல் தகரத்துல கல்லைத் தேய்க்கறாப்ல வந்துச்சு, போச்சு, மறுபடி வந்துச்சு. ஒருநாள் துப்பினப்போ ஒரு சொட்டு ரத்தம். கன்னியம்மா அத்தப் பாத்துட்டா. அதுக்கப்புறம் அவ சிரிக்கல. மறுநாள் காலையிலயே என்னிய ட்ராம்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிட்டா.

ஆஸ்பத்திரியில காத்திருக்கறது தெரியுமா உங்களுக்கு? பெஞ்சுல வால் புடிச்சாப்ல ஜனம். முன்னாடி ஒருத்தன் எழுந்தா எல்லாரும் ஒரு எடம் நவுரணும். எனக்கு முன்னாடி ஒரு அம்மா காதுல பஞ்சு வெச்சுகினு அழுவுது, பின்னாடி ஒருத்தன் மூக்கைப் புடிச்சுகினு கீறான். கன்னியம்மா எல்லார் கிட்டயும் வியாதி இன்னான்னு விசாரிச்சு முடிச்சுட்டா. என் கதையையும் எல்லாருக்கும் சொல்லிட்டா. "கிரிக்கெட்டுல கத்தி கத்தியே கொரல் போச்சும்மா. ஆடறவன் எல்லாம் நல்லா கீறான். பாக்கப் போன இதுக்குத்தான் கேடு." ஜனம் சிரிக்குது. எனக்கு ரோசம் பொத்துகினு வருது, திட்டறதுக்குக் கொரல் இல்ல.

டாக்டரு நெத்தியில நடுவுல ஓட்டை போட்ட வட்டக் கண்ணாடி கட்டியிருந்தாரு. என் நாக்கைத் துணியால புடிச்சு வெளிய இழுத்துகினாரு. நீளக் காம்பு வெச்ச சின்னக் கண்ணாடி ஒண்ணை ஸ்பிரிட் விளக்குல காட்டி சூடு பண்ணினாரு. மூச்சுக்காத்து பட்டு மங்காம இருக்கத்தான் அந்தச் சூடு. தன் பொறங்கையில வெச்சுப் பாத்துட்டு என் தொண்டைக்குள்ள வுட்டாரு. "ஈ சொல்லு"ன்னாரு. நாக்கு அவரு கையில, வாயில கண்ணாடி, ஈ எங்கேருந்து வரும்? குமட்டிச்சு. நாலு தரம் ஆச்சு.

"இந்தாப்பா, தொண்டைக்குள்ள ரெண்டு வெள்ளை மடிப்பு இருக்கு"ன்னாரு. "பேசும்போது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அதிரும். அந்த அதிர்வுதான் குரல். உனக்கு ஒரு மடிப்புமேல மிளகு அளவு சதை வளர்ந்திருக்கு. அது ஒட்ட விடமாட்டேங்குது, நடுவுல காத்து கசியுது. அதை எடுத்துடலாம். எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பணும்."

"எதுக்கு சாமி பரிசோதனை?"ன்னா கன்னியம்மா.

"கெட்ட சதையான்னு பாக்கணும்மா."

கெட்ட சதைன்னா புத்துநோய்னு எங்களுக்கும் தெரியும். எங்க தெருவுல ஒருத்தருக்கு வந்து, பாத்துகினே இருக்க எலும்பாப் போனாரு. பயந்தேன். அப்படிப் பயந்தேன். ஆம்பளை பயப்படலாமான்னு எவனாவது கேட்டா, அந்த பெஞ்சுல வந்து உக்காந்து பாக்கச் சொல்லுங்க.

ஆபரேஷன்னு சொன்னதும் படுக்க வெச்சு மயக்கம் குடுப்பாங்கன்னு நெனச்சேன். அதெல்லாம் இல்ல, நாற்காலியில உக்காத்தி வெச்சே பண்ணாங்க. முதல்ல தொண்டையில பஞ்சால மருந்து தடவினாரு. கசப்புன்னா கசப்பு. கொஞ்ச நேரத்துல தொண்டைன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு. எச்சில் முழுங்கினா முழுங்கினது தெரியல. என் நாக்கை நானே புடிச்சுக்கணும்னாரு டாக்டரு. புடிச்சுகினேன். கண்ணாடியில பாத்துகினே வளைஞ்ச கொறடு ஒண்ணை உள்ள வுட்டாரு. இருமக்கூடாதுன்னாரு. இரும வந்துச்சு, அடக்கிகினேன். 'கவுக்'குனு ஒரு சத்தம். வெளிய எடுத்தப்போ கொறடு நுனியில, நெசமாவே மிளகுதான், சிவப்பு மிளகு. இத்துனூண்டு எழவுக்கா இவ்ளோ பேஜாரு?

மருந்தோட மரமரப்பு போற வரைக்கும் ஒரு வாய்த் தண்ணிகூடத் தரல. தொண்டை மரத்திருக்கும்போது குடிச்சா வயித்துக்குப் போறது வழி தப்பி மூச்சுக்குழாய்க்குப் போயிடுமாம். அப்பால டாக்டரு வந்து பெரிய தீர்ப்பு ஒண்ணு சொன்னாரு.

"புண்ணு ஆறற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. ரகசியமாக்கூடப் பேசக்கூடாது, அதுதான் இன்னும் கெடுதல். நான் சொல்ற அன்னிக்குத்தான் வாயைத் திறக்கணும்."

நான் வூட்டுக்குப் போலாமான்னு கையை ஆட்டிக் கேட்டேன்.

"வூட்டுக்கு அனுப்பினா நீ பேசுவே. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. இங்கயே கிட"ன்னாரு.

அப்படித்தான் வார்டுல எனக்கு ஒரு கட்டில் கெடைச்சுது. கையில ஒரு சிலேட்டு குடுத்தாங்க. அஞ்சாவது வரைக்கும் படிச்சவன், எழுதுவேன். ஆனா கன்னியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எழுதி எழுதி அழிச்சு இன்னா பிரயோசனம்? ரெண்டாவது நாளே சிலேட்டைத் தூக்கிப் போட்டுட்டு ஹார்பர் ஜாடைக்கு வந்துட்டேன். கட்டை விரலை மேல காட்டினா தலையைத் தூக்கி வுடு. உள்ளங்கையைக் கீழ அமுத்தினா படுக்க வை. முஷ்டியை மூடினா நிறுத்து. முதல் ரெண்டையும் சீக்கிரம் புடிச்சுகினா. மூணாவதைத்தான் அவளால தாங்க முடியல.

"இன்னாது, என்னிய நிறுத்தச் சொல்றியா? மூட்டையா நானு, வின்ச்சுல தொங்கிகினு கீறேனா?"ன்னு ஆரம்பிச்சான்னா அதுக்கே ஒரு முழு நேரம் பேசுவா. அவ தூக்கத்துலயும் பேசற பொம்பளை. பக்கத்து வூட்டுக் கொழா சண்டை, ரேஷன் கடைக்காரன் நெறுவை, மீன் வெலை, எல்லாம் என் கட்டில் பக்கத்துல வந்து கொட்டுவா. தூக்குல கஞ்சி கொண்ணாருவா. ஆஸ்பத்திரிக் கஞ்சி ஆகாதுன்னு ராயபுரத்துல எங்க வூட்டுலேருந்து ஆற ஆறத் தூக்கினு வருவா.

மத்தவங்களுக்கு அம்பயரு ஜாடை. நர்சம்மா "கஞ்சி எப்படி?"ன்னு கேட்டா ரெண்டு கையையும் பக்கத்துல நீட்டுவேன், வைடு. ஊசியோட வந்தா ரெண்டு கையையும் குறுக்க ஆட்டுவேன், டெட் பால். வலி இல்லன்னா ரெண்டு கையும் மேல, சிக்ஸர். ரெண்டு நாள்ல வார்டே புடிச்சுகிச்சு. பக்கத்துக் கட்டில் திருவொற்றியூர் ஆளு மூக்கு ஆபரேஷன் முடிஞ்சு வர்றப்போ ஸ்ட்ரெச்சர்ல படுத்துகினே ஒரு வெரலைத் தூக்கிக் காட்டினான் பாருங்க, அவுட்டுன்னு. நர்சம்மா வுழுந்து வுழுந்து சிரிச்சாங்க.

பரிசோதனை முடிவு வர்ற வரைக்கும் எனக்கு ராத்திரி தூக்கம் கெடையாது. அத்த நீட்டி முழக்க மாட்டேன். வந்த அன்னிக்கு டாக்டரு வாசல்லேருந்தே, "கெட்டது இல்ல, சாதாரண சதைதான்"னு சொல்லிகினே வந்தாரு. கன்னியம்மா அவரு கால்ல வுழப் போனா. அவரு துள்ளி நவுந்துகினாரு.

"அப்போ கொரல் வந்துரும் இல்ல சாமி?"

"புண்ணு ஆறட்டும்மா. ஆறினப்புறம் பேசிப் பாத்தாத்தான் தெரியும். நெறைய பேருக்கு வந்துரும். சில பேருக்குப் பழைய குரல் வராது, காத்து மாதிரி வரும். இப்பவே வாக்குக் குடுக்க முடியாது."

உசுரு மிஞ்சுச்சு. அப்போ கொரல்தான் மிச்சக் கவலை. எங்க மேஸ்திரி ஒருநாள் பாக்க வந்தாரு. நல்ல மனுசன். ஆரஞ்சு வெச்சுட்டு, "கொரல் வந்தா உன் எடம் உனக்கு. வரலன்னா ஷெட்டுல காவலுக்குச் சொல்றேன், பட்டினி வுட மாட்டேன்"னாரு. நல்லதுதான் சொன்னாரு. ஆனா அன்னிக்குக் கன்னியம்மா எதுவும் பேசாம ஆரஞ்சை உரிச்சுகினே இருந்தா. எனக்கு அது ஒரு மாதிரி இருந்துச்சு.

இப்போ கதை வேற பக்கம் திரும்புது.

நான் படுத்த வாரம்தான் மரவாடிக் கப்பு ஆரம்பிச்சுது. திங்கக்கிழமை பார்வை நேரத்துல காதர் ஓடி வர்றான். மூஞ்சியெல்லாம் பல்லு. "மாமு! ஜெயிச்சுட்டோம்!" நான் நம்பல. முதல் ரவுண்டா? எண்ணூர் டீமையா? சத்தியமான்னு கையை நீட்டினேன். அடிச்சு சத்தியம் பண்ணான். சந்தோசத்துல தொண்டை வரைக்கும் சத்தம் வந்துருச்சு, தலகாணியைக் கடிச்சுகினு அடக்கினேன்.

அடுத்த வாரம் செமி ஃபைனல். அதுலயும் ஜெயிச்சோம். இந்த தடவை காதர் ஓடி வரல, மெதுவா வந்தான். ஸ்டூல்ல உக்காந்தான். என்னிய ஒரு மாதிரி பாத்தான். ஸ்கோர் எல்லாம் சொல்லி முடிச்சான். அப்பாலயும் போகாம உக்காந்திருக்கான்.

"மாமு, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்கக் கூடாது."

சொல்லுன்னு கையைக் காட்டினேன்.

"இத்தினி வருசமா நீ கத்தினே. நாம தோத்தோம். இப்போ நீ வாயை மூடினே. ரெண்டு மேட்ச்சு ஜெயிச்சுட்டோம்."

எனக்குக் கோவம் உச்சந்தலையில ஏறிச்சு. என்னியவா சொல்றே? எவன்டா சொன்னான்? இத்தினி வருசம் வெயில்ல நின்னு கத்தினவனுக்கு இதுதான் மரியாதையா? திட்டணும், வாயைத் தொறக்க முடியாது. கட்டிலுக்கடியிலேருந்து சிலேட்டை எடுத்து 'ஸோமாரி'ன்னு எழுதினேன். அமுத்தின அமுத்துல பலப்பம் ரெண்டா ஒடிஞ்சுது.

"நான் மட்டும் சொல்லல மாமு. டீமே சொல்லுது. ஃபைனல் முடியற வரைக்கும் நீ பேசாம இருந்தா போதும், அம்புட்டுதான்"னு சொல்லிட்டு நைசா எழுந்து போயிட்டான்.

இதுல என்னிய மடக்கின விசயம் ஒண்ணு கீது. எங்க மைதானத்துல ஒரு சட்டம் உண்டு. நம்ம ஆளு ரெண்டு பேரு செட்டாயி ஆடறப்போ எவனும் நின்ன எடத்துலேருந்து நவுரக்கூடாது. நவுந்தா விக்கெட்டு வுழும். அந்தச் சட்டத்தை நடத்தறவனே நான்தான். ஒரு மேட்ச்சுல காதருக்கு அவசரம். "மாமு, ஒண்ணுக்கு வருதுடா"ன்னு துடிக்கறான். நான் லுங்கியைப் புடிச்சுகினேன். "அடக்கு. ஐம்பது ஆகட்டும், அப்பால போ"ன்னேன். பாவம், கண்ணுல தண்ணியோட நின்னான். அப்படி மத்தவனுக்குச் சட்டம் பேசினவன், எனக்கு வரும்போது 'அதெல்லாம் சொம்மா'ன்னா எப்படி? மூணு வேளையும் யோசிச்சேன். கோவம் எறங்கினப்புறம் காதரு சொன்னது நாயமாத்தான் பட்டுது. ஒரு வேளை நெசமாவே என் கொரல்தானோ? சரி, எப்படியும் டாக்டரே பேச வேணாம்னுதானே சொல்லிக் கீறாரு. இருந்துட்டுப் போவோம்.

வந்துச்சு பாருங்க வினை. ஃபைனல் ரெண்டு நாள் ஆட்டம், சனியும் ஞாயிறும். டாக்டரு என்னியப் பேசச் சொல்லப் போற நாளு, அந்தச் சனிக்கிழமை காலையில.

கன்னியம்மா அன்னிக்குக் குளிச்சு முழுகி, மஞ்சள் பூசி, பூ வெச்சுகினு வந்துட்டா. டாக்டரு வந்தாரு, நர்சம்மா வந்தாங்க. பக்கத்துக் கட்டில் ஆளு எழுந்து உக்காந்துகினான். டாக்டரு கண்ணாடியை சூடு பண்ணி உள்ள பாத்தாரு. "நல்லா ஆறியிருக்கு. எங்க, மெதுவா உன் பேரைச் சொல்லு"ன்னாரு.

மைதானத்துல அந்நேரம் பாய் விரிச்சு, டாஸ் போட்டிருப்பாங்க. ஒரே ஒரு நாள்தான். நாளைக்கு சாயந்திரம் வரைக்கும் தள்ளினா போதும். தலையை ஆட்டினேன், முடியலன்னு.

"பயப்படாதே. வலிக்காது. சொல்லு."

வாயைத் தொறந்து கழுத்து நரம்பு பொடைக்க முக்கற மாதிரி காட்டினேன். சத்தம் வுடல. நாடகமே போட்டேன்னு வெச்சுக்குங்க. டாக்டரு மூஞ்சி சுருங்கிச்சு. மறுபடி நாக்கைப் புடிச்சாரு, "ஈ சொல்லு"ன்னாரு. மூச்சை மட்டும் வுட்டேன். அவரு கண்ணாடியைத் தொடைச்சு வெச்சாரு.

"புண்ணு ஆறித்தான் இருக்கு. சத்தம் ஏன் வரலன்னு புரியல. திங்கக்கிழமை பெரிய டாக்டருங்களையும் கூப்பிட்டுப் பாக்கறேன்"னு கன்னியம்மா கிட்ட சொன்னாரு. அவ "சரிங்க சாமி"ன்னா. அவ்ளோதான் சொன்னா. வராந்தாப் பக்கம் போயிட்டா.

எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. நாளைக்கு சாயந்திரம் கப்பு வந்துரும், அப்பால இவகிட்ட பேசினா இன்னா மூஞ்சி காட்டுவான்னு நெனச்சுகினு படுத்திருந்தேன். அவ வர ரொம்ப நேரமாச்சு. வந்தப்போ மூஞ்சி கழுவியிருந்தா. முந்தானை நனைஞ்சிருந்துச்சு. மஞ்சள் போயிருந்துச்சு.

ஸ்டூல்ல உக்காந்தா. ரேஷன் கதை வரும், கொழா கதை வரும்னு பாக்கறேன். ஒண்ணும் வரல. கட்டை விரலை மேல காட்டினா. தூக்குன்னு அர்த்தம். தலையைத் தூக்கினேன். கஞ்சி ஊட்டினா. உள்ளங்கையைக் கீழ அமுத்தினா. படுத்தேன். நான்தான் அவளுக்கு ஜாடை காட்டுவேன், அவ வாயாலதான் பேசுவா. இது இன்னாடா புதுசா கீதேன்னு பாக்கறேன்.

அப்போ ஒண்ணு பண்ணா. என் தொண்டையைத் தொட்டு, இல்லன்னு கையை விரிச்சா. அப்பால தன் வாயைத் தொட்டு, வேணாம்னு கையை விரிச்சா. ரெண்டு கையையும் கோத்துக் காட்டினா. உனக்கு இல்லன்னா எனக்கும் வேணாம், நாம ரெண்டு பேரும் இப்படியே இருந்துக்கலாம்னு. காட்டிட்டு சிரிச்சா. அந்தச் சிரிப்பைப் பாக்க முடியல.

தூக்கத்துலயும் பேசற பொம்பளைங்க அவ! பொய் சொல்ல மாட்டேன், அந்த நேரத்துலயும் கப்பு கண்ணு முன்னாடி வந்துச்சு. காதர் மூஞ்சி வந்துச்சு, இத்தினி வருசத் தோல்வியும் வந்துச்சு. இன்னும் ஒரே நாளுடா, ஒரே நாளுன்னு மனசு கெஞ்சிச்சு. போடா கப்பும் நீயும்.

"இன்னாமே"ன்னேன்.

கனமா, கரகரன்னு, கொஞ்சம் அடியிலேருந்து வந்துச்சு. பழைய கொரல் இல்ல. ஆனா காத்தும் இல்ல. கொரல்தான். அது வருதா இல்லியான்னு எனக்கும் அப்போதானே தெரியும்! டாக்டரு முன்னாடி போட்டது நாடகம்னு சொன்னேனே, உள்ளுக்குள்ள பேசிப் பாக்கவும் பயமா இருந்துச்சுங்கறது இப்போ சொல்லும்போதுதான் தெரியுது.

கன்னியம்மா மடியில இருந்த ஸ்பூன் கீழ வுழுந்துச்சு.

"அழுவாதே மே. கொரல் கீது. டாக்டரு கேட்டப்பவே பேசியிருப்பேன். ஃபைனலு நடக்குது, நான் பேசினா தோத்துருவாங்கன்னு..."

நான் முடிக்கல. வுழுந்துச்சு முதுகுல ஒண்ணு. "அடப் பாவி! கட்டையில போறவனே! மேட்ச்சுக்கா? ஒரு மேட்ச்சுக்கா என்னிய அந்த வராந்தாவுல அழ வெச்சே?" தலகாணியை எடுத்து சாத்தறா, அழுவறா, சிரிக்கறா, மறுபடி சாத்தறா. நர்சம்மா ஓடி வந்தாங்க. விசயம் டாக்டரு வரைக்கும் போச்சு. அவரு வந்து இடுப்புல கையை வெச்சுகினு நின்னாரு. கோவமா கீறாரா சிரிக்கறாரான்னு தெரியல. "இனிமே ஜென்மத்துக்கும் பேசலாம், கத்தக் கூடாது. கத்தினா சதை திரும்பி வரும்"னாரு. போறப்போ திரும்பி, "டீம் பேரு இன்னா சொன்னே?"ன்னும் கேட்டாரு.

ஞாயித்துக்கிழமை சாயந்திரம் காதர் வந்தான். தொப்பியைக் கையில புடிச்சுகினு வந்தான். அத்தப் பாத்தே தெரிஞ்சுகினேன். கன்னியம்மா என் துணிமணியை மூட்டை கட்டிகினு இருந்தா, திங்கக்கிழமை காலையில என்னிய வூட்டுக்கு அனுப்பறதா சொல்லியிருந்தாங்க.

"போச்சு மாமு"ன்னு ஸ்டூல்ல உக்காந்தான். "நேத்து காலையில ரெண்டு பேரும் செட்டாயி நின்னாங்க. கல்லு மாதிரி நின்னாங்க. இதான்டா நம்ம வருசம்னு நெனச்சேன். அப்பால இன்னாச்சுன்னே தெரியல. ஒருத்தன் பின்னாடி ஒருத்தன், வரிசையா வந்து..." பேச்சை நிறுத்தினான். என்னியப் பாத்தான். கண்ணு சின்னதாச்சு. "மாமு, நீ பேசலையே?"

தலையை ஆட்டியிருக்கலாம். அவனுக்குத் தெரியவே போறதில்ல. ஆனா நான் பயந்தவன் இல்ல.

"பேசினேன்"னேன்.

காதரு ஸ்டூல்லேருந்து எழுந்துட்டான். "எப்போ?"

"நேத்து காலையில. டாக்டரு வந்துட்டுப் போனப்புறம்."

வெரலை மடக்கிக் கணக்குப் போட்டான். "அப்போதான் மாமு! கரெக்டா அப்போதான்!"னு தலையில அடிச்சுகினான். அடிச்சுகினவன் அப்படியே என் தோளைப் புடிச்சுகினான். "டேய், கொரல் வந்துருச்சாடா? எங்க, இன்னொரு தரம் பேசுடா"ன்னான். அழுதுட்டான். நானும்தான். ரெண்டு தடி ஆம்பளைங்க ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்து அழுவறோம், கப்புக்கா கொரலுக்கான்னு கேட்டா சொல்லத் தெரியாது.

கன்னியம்மா மூட்டையைக் கீழ வெச்சா. இடுப்புல முந்தானையைச் செருகிகினா. எங்களுக்குக் கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு நாள்கூட அவ வாயில கிரிக்கெட்டுன்னா திட்டு மட்டும்தான் வந்திருக்குது.

"எத்தினி ரன்னுல போச்சு?"ன்னா.

காதரும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துகினோம்.

"பதினோரு ரன்னு அண்ணி"ன்னான் காதரு, பயந்துகினே.

"பதினொண்ணுதானா?"ன்னா. "இவன் வாயில வந்த ஒரு வார்த்தைக்கு நூறு ரன்னு குடுத்தாலும் தகும். கண்ணைத் தொடைங்க ரெண்டு பேரும். அடுத்த வருசம் உனக்குப் பதிலா நான் வந்து நின்னுக்கறேன், எப்போ கத்தணும்னு மட்டும் எனக்கு ஜாடை காட்டு."